வட்டுக்கோட்டைச் செமினரி முதல் யாழ்ப்பாணக் கல்லூரி வரை: ஓர் ஆங்கில உயர்தரப் பாடசாலையின் சமூக வரலாறு

யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வி குறித்து இதுகாறும் எழுதப்பட்டவற்றுட் பெரும்பாலானவை இரு வகைக்குள் அடங்கும். மிஷனரிமாரின் தியாகத்தையும் அவர்கள் கொணர்ந்த அறிவொளியையும் போற்றும் நூல்களும் ஆண்டு மலர்களும் முதலாவது வகையின. ஜே. வி. செல்லையா 1922 இல் வெளியிட்ட 'ஆங்கிலக் கல்வியின் ஒரு நூற்றாண்டு' என்ற ஆங்கில நூல் இவ்வகையில் மிகச் சிறந்தது. தகவல்களைப் பொறுத்தவரையில் இன்றும் தவிர்க்க முடியாதது. மிஷன் பாடசாலைகளை மதமாற்றத்துக்கான பொறிகளாகக் கண்டு, சைவ மறுமலர்ச்சியின் கண்கொண்டு எழுதப்பட்டவை இரண்டாவது வகையின. இவ்விரு சாராரும் ஒருவரையொருவர் மறுப்பவர்கள். ஆயினும் அடிப்படையான ஒரு கருத்தில் இவர்கள் ஒன்றுபடுகின்றனர். வரலாற்றை இயக்கியோர் மிஷனரிமார். யாழ்ப்பாண மக்கள் கொடுக்கப்பட்டதைப் பெற்றுக்கொண்டோர் அல்லது எதிர்த்தோர் என்பதே அக்கருத்து.

இக்கருத்தினை வட்டுக்கோட்டையின் வரலாறு ஐயத்துக்குரியதாக்குகின்றது. 1823 இல் அங்கு அமெரிக்க மிஷன் நிறுவிய செமினரி 1855 இல் மூடப்பட்டது. மூடியவர்கள் அதனை நிறுவிய மிஷனைச் சேர்ந்தவர்களே. ஆங்கிலத்தைக் கைவிட்டுத் தாய்மொழியிற் கற்பிக்க வேண்டும் என்பதே அவர்கள் கூறிய நியாயம். பதினேழு ஆண்டுகளின் பின்னர், 1872 இல், அதே இடத்தில் யாழ்ப்பாணக் கல்லூரி என்ற பெயரில் ஆங்கிலக் கல்வி மீண்டும் தொடங்கிற்று. இதற்கான முயற்சியில் முன்னின்றவர்கள் செமினரியின் பழைய மாணவர்களான தமிழர். அந்நியர் தமிழ் போதும் என்றனர். தமிழர் ஆங்கிலமே வேண்டும் என்றனர். இம்முரண்பாட்டை விளக்காது யாழ்ப்பாணத்து ஆங்கிலக் கல்வியின் வரலாற்றை விளக்க முடியாது. இக்கட்டுரை அதற்கான ஒரு சிறு முயற்சியாகும்.

1. செமினரியின் தோற்றம்

அமெரிக்க மிஷனரிமார் யாழ்ப்பாணத்துக்கு வந்தமை ஓரளவுக்குத் தற்செயலானது. பிரித்தானியாவுக்கும் அமெரிக்காவுக்கும் 1812 இல் யுத்தம் மூண்டிருந்த வேளையில் கிழக்கிந்தியக் கம்பனி அவர்களைக் கல்கத்தாவில் தங்க விடவில்லை. கம்பனியின் ஆட்சிக்கு உட்படாது முடிக்குரிய குடியேற்றநாடாக விளங்கிய இலங்கை அவர்களுக்குப் புகலிடமாயிற்று. 1813 இல் சாமுவேல் நியூவெல் இங்கு வந்தார். 1816 இல் வந்த குழுவினர் தெல்லிப்பழையிலும் வட்டுக்கோட்டையிலும் நிலைகொண்டனர். போர்த்துக்கேயர் காலத்தில் தோன்றி ஒல்லாந்தராற் புதுக்கப்பட்டுப் பின்னர் பாழடைந்து கிடந்த தேவாலயங்களும் அவற்றைச் சார்ந்த வளவுகளும் அவர்களுக்கு வழங்கப்பட்டன.

கிராமந்தோறும் தமிழ்ப் பாடசாலைகள், அவற்றினின்றும் தெரிந்தெடுத்த மாணவர்க்குத் தெல்லிப்பழையில் ஆயத்தப் பாடசாலை, அதற்கு மேலாக வட்டுக்கோட்டையில் ஓர் உயர்தர நிறுவனம் என ஒரு படிமுறை அமைப்பு உருவாயிற்று. 1823 இல் மிஷனரிமார் வெளியிட்ட திட்டம் ஒரு கல்லூரியையே கருத்திற் கொண்டிருந்தது. ஆங்கிலத்தைத் திறம்படக் கற்பித்தல், தமிழிலக்கியத்தை வளர்த்தல், ஒரு சிலருக்குச் சமஸ்கிருதம் பயிற்றுதல், ஐரோப்பிய விஞ்ஞானங்களை அறிமுகப்படுத்தல் என்பன அதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன. அரசாங்கத்தின் ஆதரவு கிடையாமையால் கல்லூரி என்னும் பெயர் கைகூடவில்லை. 'செமினரி' என்ற பெயரே நிலைத்தது. டானியல் பூர் அதன் முதல் அதிபரானார். அடுத்த ஆண்டு உடுவிலிற் பெண்களுக்கான விடுதிப் பாடசாலை தொடங்கிற்று.

ஆரம்பகால நிகழ்ச்சியொன்று இங்கு மனங்கொளத்தக்கது. மிஷன் வளவுக்குள் தங்கிக் கற்க முன்வந்த பிள்ளைகள், கிறிஸ்தவரின் நிலத்திற் சமைத்த உணவை உண்ண மறுத்தனர். எனவே அயலிலிருந்த சைவர் ஒருவரின் காணியிற் சமையற்கூடம் அமைக்கப்பட்டது. படிப்பு மதிலுக்கு உள்ளே. அடுப்பு மதிலுக்கு வெளியே. இவ்வேற்பாடு நீண்டகாலம் நீடிக்கவில்லை. எனினும் யாழ்ப்பாணத்து உயர்சாதிக் குடும்பங்கள் புதிய கல்வியை எந்த நிபந்தனையின் பேரில் ஏற்க ஆயத்தமாயிருந்தன என்பதை இச்சிறு நிகழ்ச்சி உணர்த்துகின்றது. கல்வியை ஏற்கலாம், ஆனால் சாதியை இழக்கலாகாது. அடுத்துவந்த நூறாண்டுகளும் இந்த நிபந்தனை வெவ்வேறு வடிவங்களில் தொடர்ந்ததைப் பின்னர் காண்போம்.

2. அறிவும் அதன் விளைவுகளும்

செமினரியின் கல்வித்தரம் உயர்ந்தது என்பதில் ஐயமில்லை. இலங்கையின் குடியேற்றநாட்டுச் செயலாளராயிருந்த எமர்சன் ரெனன்ற், 1850 இல் வெளியான தமது நூலில் அதனை ஐரோப்பியப் பல்கலைக்கழகங்கள் பலவற்றோடு ஒப்பவைத்துப் பாராட்டினார். கணிதம், வானியல், தருக்கம், மெய்யியல் ஆகியன அங்கு போதிக்கப்பட்டன. 1829 ஆம் ஆண்டுச் சந்திர கிரகணத்தின்போது, பஞ்சாங்கக் கணிப்பும் பூரின் கணிப்பும் மாறுபட்டன. ஊரார் முன்னிலையில் நிகழ்ந்த சோதனையிற் பூரின் கணிப்பே சரியாயிற்று. இதனைப் பூர் மதப்பிரசாரத்துக்குப் பயன்படுத்திக்கொண்டார் என்பது உண்மையே. ஆனால் பரம்பரை உரிமையாகப் பேணப்பட்ட கணிப்பு முறையை எவரும் பரிசோதித்துப் பார்க்கலாம் என்ற கருத்து, அதன் உடனடி நோக்கத்தையும் கடந்து செல்லக்கூடியது. பூருக்குப் பின் அதிபரான ஹொய்சிங்ரன் இந்திய வானியல் முறையைக் கற்று அது பற்றி 1848 இல் நூலொன்றை வெளியிட்டார். சிவஞானபோதத்தை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தார். எதிர்ப்பதற்காகத் தொடங்கிய ஆய்வு, எதிர்க்கப்பட்டதை உலகுக்கு அறிமுகஞ் செய்வதாயிற்று.

தமிழுக்குக் கிடைத்த விளைவுகளும் சிறியனவல்ல. 1841 இல் தொடங்கிய 'உதயதாரகை'யின் ஆசிரியர்களான ஹென்றி மார்ட்டினும் சேத் பேசனும் செமினரியிற் பயின்ற தமிழர். அமெரிக்கக் கொடையாளரின் பெயர்களை மாணவர்க்குச் சூட்டும் வழக்கத்தாற் பெற்ற பெயர்கள் இவை. 1842 இல் மானிப்பாயில் அகராதி அச்சேறிற்று. 'பாவலர் சரித்திர தீபகம்' எழுதிய ஆர்ணல்ட் சதாசிவம்பிள்ளை, 'நியாய இலக்கணம்' எழுதிய நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளை ஆகியோர் இங்கு உருவானவர்கள். 1857 இல் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதலாவது பீ. ஏ. பரீட்சையிற் சித்தியெய்திய கறோல் விசுவநாதபிள்ளையும் சி. வை. தாமோதரம்பிள்ளையும் செமினரியின் மாணவரே. பின்னர் சைவராகவே வாழ்ந்து தொல்காப்பியப் பொருளதிகாரத்தையும் (1885) கலித்தொகையையும் (1887) பதிப்பித்த தாமோதரம்பிள்ளை, ஏட்டுப் பிரதிகளை ஒப்புநோக்கும் பொறுமையையும் ஒழுங்கையும் வட்டுக்கோட்டை வகுப்பறையிலிருந்தும் பெற்றிருத்தல் கூடும். ஒரு கல்வி நிறுவனத்தின் விளைவுகள் அதனை நிறுவியோரின் நோக்கத்துக்குள் அடங்குவனவல்ல என்பதற்கு இவை தக்க சான்றுகளாகும்.

3. 1855: மிஷனின் தீர்ப்பு

ஆயின் மிஷனின் தலைமைப்பீடம் வேறுவிதமாகக் கணக்குப் பார்த்தது. பொஸ்ரனிலிருந்த தலைமைச் சங்கத்தின் செயலாளர் றூபஸ் அண்டர்சன் தலைமையில் ஒரு தூதுக்குழு 1855 இல் இந்தியாவுக்கும் இலங்கைக்கும் வந்தது. மதப்பணிக்குச் சுதேச போதகர் தேவை. அவர்கள் தம் மக்களின் மொழியிலேயே பயிற்றப்படவேண்டும் என்பது அண்டர்சனின் கொள்கை. ஆங்கிலம் கற்றவர் கிராமத்துப் போதகராக வாழ விரும்புவதில்லை. அரசாங்க உத்தியோகத்தையும் வர்த்தக நிறுவனங்களையும் நாடிப் போகின்றனர் என அவர் கண்டார். அதே ஆண்டிற் செமினரி மூடப்பட்டது. பின்னர் அங்கு தமிழ் மூலமான ஆசிரியர், போதகர் பயிற்சிக்கு இடமளிக்கப்பட்டது.

அண்டர்சன் மதவாதியே, எனினும் அவர் கண்ட உண்மை பொருளாதார உண்மையாகும். மிஷன் போதகர்களை உருவாக்க விரும்பியது; யாழ்ப்பாணம் இலிகிதர்களை உருவாக்கிக்கொண்டது. இதற்கான காரணங்களைக் குடாநாட்டின் உற்பத்தி நிலைமைகளிலேயே தேடவேண்டும். யாழ்ப்பாணத்தில் ஆறுகளில்லை. கிணற்று நீரையும் கடும் உழைப்பையும் நம்பிய தோட்டச் செய்கையே அதன் அடிப்படை. திருவிதாங்கூர்ச் சந்தையை நம்பிய புகையிலையே அதன் முக்கிய பணப்பயிர். காணிகள் முதுசமாகவும் சீதனமாகவும் தலைமுறைதோறும் துண்டுபட்டன. இந்நிலையில் நடுத்தர வேளாளக் குடும்பத்தின் மூன்றாவது மகன் என்ன செய்வான்? மறுபுறத்தில், 1833 இன் கோல்புறூக் சீர்திருத்தங்களின் பின்னர் ஆங்கிலம் அறிந்த சுதேசிகள் அரசாங்க சேவையின் கீழ்மட்டங்களுக்குத் தேவைப்பட்டனர். மத்திய மலைநாட்டிற் பரவிய கோப்பித் தோட்டங்களும் அவற்றைச் சூழ்ந்து வளர்ந்த வங்கி, வர்த்தக, போக்குவரத்து நிறுவனங்களும் கணக்கெழுதுவோரை வேண்டின. குடியேற்றநாட்டு முதலாளித்துவம் யாழ்ப்பாணத்திலே தோட்டங்களை அமைக்கவில்லை, மூலதனத்தையும் இடவில்லை. அதனிடமிருந்து யாழ்ப்பாணம் பெறக்கூடியதாயிருந்தது சம்பளம் ஒன்றே. அதற்கான வாயில் ஆங்கிலமாயிருந்தது.

'கோழி மேய்த்தாலும் கோறணமேந்தில் மேய்க்க வேண்டும்' என்னும் யாழ்ப்பாணத்துப் பழமொழி இவ்வனுபவத்தின் சாரமாகும். அதனை அடிமை மனோபாவம் என எள்ளி நகையாடுவது எளிது. மழை பொய்த்தாலும் விலை வீழ்ந்தாலும் மாத முடிவிற் கைக்கு வரும் பணத்தின் பெறுமதியை, துலா மிதித்து நீரிறைத்தவனே அறிவான்.

4. 1872: ஒரே ஆண்டு, இரு பாடசாலைகள்

செமினரி மூடப்பட்டபின் அதன் பழைய மாணவர்கள் சும்மா இருக்கவில்லை. வட்டுக்கோட்டையிலும் பிற இடங்களிலும் தனிப்பட்ட ஆங்கிலப் பாடசாலைகள் தோன்றின. உயர்கல்வி நிறுவனமொன்றை மீண்டும் அமைக்க வேண்டும் என்ற கோரிக்கை 1860களில் வலுப்பெற்றது. அமெரிக்காவிலும் உள்ளூரிலும் பணம் சேர்க்கப்பட்டது. 1872 ஜூலையில் ஈ. பீ. ஹேஸ்ரிங்ஸ் அதிபராக யாழ்ப்பாணக் கல்லூரி தொடங்கிற்று. முந்திய செமினரி முற்றுமுழுதாக மிஷனுக்குரியதாயிருந்தது. புதிய கல்லூரியோ தமிழரும் இடம்பெற்ற இயக்குநர் சபையொன்றினாற் பரிபாலிக்கப்பட்டது. இம்மாற்றம் வெறும் நிர்வாக மாற்றமன்று. ஆங்கிலக் கல்வியை விரும்பிய வகுப்பினர் அதற்கான நிறுவனத்தைத் தாமே நிருவகிக்கும் நிலையை எய்தினர் என்பதே அதன் பொருள்.

அதே 1872 இல் வண்ணார்பண்ணையிற் சைவாங்கில வித்தியாசாலை என்ற மற்றொரு பாடசாலையும் தொடங்கிற்று. அதனைத் தொடங்கியவர் ஆறுமுக நாவலர். 1848 இல் மிஷன் பாடசாலை ஆசிரியப் பதவியைத் துறந்து, சைவப்பிரகாச வித்தியாசாலையை நிறுவித் தமிழ் மூலம் சைவக் கல்வியை வளர்த்த நாவலரே இப்போது ஆங்கிலம் கற்பிக்கும் சைவப் பாடசாலையொன்றின் தேவையை உணர்ந்தார். நிதி வசதியின்மையால் அது சில ஆண்டுகளே நடைபெற்றது. ஆயினும் மதத்தாற் பகைத்து நின்ற இரு முகாங்களும் ஒரே ஆண்டில் ஒரே பண்டத்தை வழங்க முற்பட்டமை தற்செயலானதன்று. சைவப் பெற்றோர் தம் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் வேண்டி நின்றனர். அதற்கான விலையாக மதத்தை இழக்க அவர்கள் விரும்பவில்லை. சைவ இயக்கத்தின் கல்வி முயற்சிகள் இத்தேவையினாலேயே வடிவம் பெற்றன. 1890 இற் சைவபரிபாலன சபையின் பொறுப்பில் வந்து யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியாக வளர்ந்த பாடசாலை, முன்னர் நெவின்ஸ் சிதம்பரப்பிள்ளையின் பாடசாலையாயிருந்தது. செமினரியின் மாணவர் தொடங்கியதைச் சைவ இயக்கம் பொறுப்பேற்றது. நிறுவனங்களின் சமய அடையாளம் வேறுபட்டது. அவற்றின் சமூகத் தொழிற்பாடு ஒன்றாகவே இருந்தது.

இக்காலத்தில் நிகழ்ந்திருக்கக்கூடிய, ஆனால் நிலைக்காத மற்றொரு வளர்ச்சியையும் இங்கு குறிப்பிடவேண்டும். 1847 இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிஷன் வைத்தியர் சாமுவேல் கிறீன், 1864 முதல் மேலைத்தேய வைத்தியத்தைத் தமிழிலேயே கற்பித்தார். உடற்கூற்றியல், இரசாயனம், இரணவைத்தியம் முதலிய துறைகளில் தமிழ் நூல்கள் வெளிவந்தன, கலைச்சொற்கள் ஆக்கப்பட்டன. தமிழில் நவீன விஞ்ஞானத்தைக் கற்பிக்க முடியாதென்ற வாதம் அன்றே செயலால் முறியடிக்கப்பட்டது. ஆயினும் 1873 இற் கிறீன் நாடு திரும்பியபின் அம்முயற்சி வேரூன்றவில்லை. அதற்கு மூன்றாண்டுகளுக்கு முன்னர் கொழும்பில் ஆங்கில மூலமான வைத்தியக் கல்லூரி தொடங்கியிருந்தது. அரசாங்க உத்தியோகம் அக்கல்லூரியின் பக்கமே இருந்தது. ஒரு மொழியின் ஆற்றலை அதன் சொல்வளம் மாத்திரம் தீர்மானிப்பதில்லை. அம்மொழியிற் கற்றவனுக்கு வேலை கொடுப்பவர் யார் என்பதும் தீர்மானிக்கின்றது.

5. உத்தியோகமும் ஊரும்

1869 இல் பொதுப் போதனைத் திணைக்களம் அமைக்கப்பட்டு உதவிநன்கொடை முறை விரிவுற்றது. 1880 முதல் கேம்பிறிட்ஜ் பரீட்சைகள் இலங்கையில் நடைபெற்றன. யாழ்ப்பாணக் கல்லூரி கல்கத்தாப் பல்கலைக்கழகப் பரீட்சைகளுக்கும் மாணவரை ஆயத்தஞ் செய்தது. செமினரிக் காலத்துப் பாடத்திட்டத்திலே தமிழும் வானியலும் பெற்றிருந்த இடம், பரீட்சை மையக் கல்வியிற் சுருங்கிற்று. முன்னைய தலைமுறையினர் இரு மொழிகளிலும் ஆக்கங்கள் செய்தனர். பின்னைய தலைமுறையினரிற் பலர் சான்றிதழ் பெற்றனர்.

அச்சான்றிதழ் அவர்களைக் கொழும்புக்கும், பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதிப்பகுதியிலிருந்து மலாயாவுக்கும் கொண்டுசென்றது. புகையிரதப் பகுதி, நில அளவைப் பகுதி, தபால், திறைசேரி எனப் பிரித்தானிய மலாயாவின் அலுவலகங்களில் யாழ்ப்பாணத்தார் நிறைந்தனர். அவர்கள் அனுப்பிய பணம் கல்வீடுகளாகவும் காணிகளாகவும் கோயிற் கோபுரங்களாகவும் சீதனமாகவும் மாறியது. 'மலாயன் பென்சனியர்' ஊர்ப் பெரிய மனிதரானார். அந்நியச் சம்பளம் ஊரின் உற்பத்தி முறையை மாற்றவில்லை. கைத்தொழிலும் வளரவில்லை. மாறாக, நில உடைமையையும் சாதி மேலாண்மையையும் அது புதுப்பித்தது. ஆங்கிலம் பேசிய உத்தியோகத்தர், ஊர் திரும்பியபின் பழைய ஒழுங்கின் காவலராய் நின்றார். நவீன கல்வியும் பழைய சமூக உறவும் ஒன்றையொன்று அழிக்காது உடனுறைந்தமையே யாழ்ப்பாணத்து மத்தியதர வர்க்கத்தின் தனித்தன்மையாகும்.

6. வெளியே நின்றவர்கள்

இவ்வரலாற்றை வகுப்பறைக்குள் இருந்தோரை மட்டும் கொண்டு எழுதினால் அது அரைகுறையாகும். சம்பளக் குடும்பங்களின் காணிகளில் உழைத்தோரும், மரமேறியோரும், துணி வெளுத்தோரும், முடி திருத்தியோரும் இப்பாடசாலைகளின் படிகளை நெடுங்காலம் மிதிக்கவில்லை. கிறிஸ்தவம் சாதியைக் கொள்கையளவில் மறுத்தது. ஆனால் உயர்சாதி மாணவர் வெளியேறிவிடுவர் என்ற அச்சம் மிஷன் பாடசாலைகளையும் சமரசங்களுக்கு இட்டுச்சென்றது. சேர்க்கப்பட்ட இடங்களிலும் ஒடுக்கப்பட்ட சாதிப் பிள்ளைகள் நிலத்தில் இருத்தப்பட்டனர். உதவிநன்கொடை பெறும் பாடசாலைகளிற் சம ஆசனம் வழங்கப்படவேண்டும் என அரசாங்கம் 1920களின் இறுதியில் வற்புறுத்தியபோது கடும் எதிர்ப்பு எழுந்தது; பாடசாலைகள் சில எரிக்கப்பட்டன. தொடக்ககாலத்து அடுப்பு மதிலுக்கு வெளியே நின்றதுபோல, நூறாண்டுகளின் பின் வாங்கு ஒன்றே சாதியின் எல்லையாயிற்று.

எனினும் முரண்பாடு இங்கும் செயற்பட்டது. சம ஆசனத்தை ஆதரித்தவர்களும் ஆங்கிலக் கல்லூரிகளினின்றே புறப்பட்டனர். யாழ்ப்பாணக் கல்லூரியின் மாணவராயும் ஆசிரியராயும் விளங்கிய ஹன்டி பேரின்பநாயகம், 1924 இல் தோன்றிப் பின்னர் யாழ்ப்பாண வாலிபர் காங்கிரஸ் எனப் பெயர் பெற்ற இயக்கத்தின் தலையாய சிந்தனையாளர். அவ்வியக்கம் பூரண சுயராச்சியத்தைக் கோரிற்று, தீண்டாமையை எதிர்த்தது, தாய்மொழிக் கல்வியை வலியுறுத்தியது, 1927 இற் காந்தியை யாழ்ப்பாணத்துக்கு வரவேற்றது, 1931 இற் சட்டசபைத் தேர்தலைப் பகிஷ்கரித்தது. தன்னை உருவாக்கிய கல்வியையே விமர்சிக்கும் ஆற்றலை அக்கல்வியிடமிருந்தே ஒரு தலைமுறை பெற்றது. ஆனால் அதன் சமூகத் தளம் குறுகியது. தேர்தற் பகிஷ்கரிப்பின் பின் அதன் செல்வாக்குக் குன்றியபோது, அதனைத் தாங்கி நிற்க விவசாயிகளோ தொழிலாளரோ அதன் பின்னால் அணிதிரண்டிருக்கவில்லை.

வெளியே நின்றவர்களுக்கு வாயிலைத் திறந்தது 1945 இன் இலவசக் கல்வியாகும். சிறுபான்மைத் தமிழர் மகாசபை போன்ற ஒடுக்கப்பட்டோரின் அமைப்புகள் தமக்கெனப் பாடசாலைகள் வேண்டிப் போராடின. பின்னர் சுயமொழி போதனாமொழியானது. 1960-61 இல் உதவிநன்கொடைப் பாடசாலைகள் பெரும்பாலும் அரசுடைமையாயின. யாழ்ப்பாணக் கல்லூரி தனியார் நிறுவனமாகவே தொடர்ந்தது. 1950களிலும் 1960களிலும் ஈழத்து முற்போக்கு இலக்கியத்துக்கு வலுவூட்டிய கே. டானியல், டொமினிக் ஜீவா போன்றோர் ஆங்கிலக் கல்லூரிகளின் உற்பத்திகள் அல்லர். ஒன்றரை நூற்றாண்டுக் கல்விப் பெருமையின் மறுபக்கத்தை இலக்கியமாக்கியவர்கள் அக்கல்வி மறுக்கப்பட்ட மக்களிடையேயிருந்து வந்தனர் என்பது கருதத்தக்கது.

7. முடிவுரை

1974 இல் இலங்கைப் பல்கலைக்கழகத்தின் யாழ்ப்பாண வளாகம் திருநெல்வேலியில் தொடங்கியபோது, யாழ்ப்பாணக் கல்லூரியின் பட்டதாரி வகுப்புப் பிரிவும் அதற்குப் பயன்பட்டது. விஞ்ஞான வகுப்புகள் முதலில் வட்டுக்கோட்டையிலேயே நடைபெற்றன. 1823 இன் திட்டத்திற் கூறப்பட்ட உயர்கல்விக் கனவு ஒன்றரை நூற்றாண்டின் பின் அரசினால், இலவசமாக நிறைவேறியது. அதன் பின்னர் நீண்ட யுத்தமும் இடப்பெயர்வும் வந்தன. மலாயாவின் இடத்தைக் கனடாவும் ஐரோப்பாவும் பெற்றன. 2001 முதல் அரசாங்கப் பாடசாலைகளிலேயே ஆங்கில மூலப் போதனைக்கு மீண்டும் இடமளிக்கப்பட்டது. கட்டணம் அறவிடும் சர்வதேசப் பாடசாலைகள் பெருகியுள்ளன. 1855 இன் விவாதம் முடிவுறவில்லை.

அந்த விவாதத்திற் பங்குகொண்ட இரு சாராரும் தத்தம் அளவில் உண்மை பேசினர். தாய்மொழியிற் கற்பிக்க வேண்டும் என்ற அண்டர்சனின் கொள்கை கல்வியியலிற் சரியானது. ஆனால் தமிழிற் கற்றவனுக்குக் கிராமத்துப் போதகர் பதவியைத் தவிர வேறெதனையும் அது வைத்திருக்கவில்லை. ஆங்கிலம் கேட்ட பழைய மாணவரின் கோரிக்கை நியாயமானது. ஆனால் அது தம் குடும்பங்களுக்காக மட்டும் எழுந்த கோரிக்கை. கிணற்றுக்கட்டில் துலா மிதித்தவனின் பிள்ளையை இரு சாராரும் கணக்கிலெடுக்கவில்லை. எம்மொழியிற் கற்பிப்பது என்ற வினாவை, யாருக்குக் கற்பிப்பது, கற்றபின் அவனுக்கு இம்மண்ணில் என்ன வேலை என்ற வினாக்களிலிருந்து பிரித்தெடுத்து விவாதிக்கும் வரையில், வட்டுக்கோட்டையில் நிகழ்ந்தது புதிய பெயர்களில் மீண்டும் நிகழவே செய்யும்.